டர்பன் கத்தரிக்காயில் கிடைத்த வைரஸ்: கிருமியைக் கொல்லுமா, இன்னும் வலுவாக்குமா?

வெருலம்_மகள் | சனி, இரவு 9:14

வணக்கம். அப்பாவுக்கு 71 வயது, இருபது வருடமாகச் சர்க்கரை. வலது கால் பெருவிரலுக்கு அடியில் வந்த புண் ஏழு வாரமாக ஆறவில்லை. முதலில் கொடுத்த மாத்திரைகள் கேட்கவில்லை. மூன்றாவது வாரம்தான் புண்ணில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது பெனிசிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி என்று வந்தது. முதல் நாளே அனுப்பியிருக்கலாமே என்று எனக்கு இன்னும் மனம் கொதிக்கிறது. அது இருக்கட்டும்.

இரண்டு விஷயம் படித்தேன். பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்கள் இருக்கின்றன, அதில் பேர்பெற்ற ஒன்று இங்கே தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில் ஓர் அழுகிய கத்தரிக்காயிலிருந்து எடுத்தது என்பது ஒன்று. இதே வகை வைரஸ்கள்தான் மரபணுக்களை ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போகின்றன, எதிர்ப்புள்ள பாக்டீரியாவுக்குள்ளும் போகின்றன என்பது இன்னொன்று. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும்? எதிர்ப்புள்ளது என்றால் வைரஸ் எப்படி உள்ளே போகும்? பள்ளி உயிரியலோடு நின்றவள் நான், கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

லேப்_அக்கா | சனி, இரவு 10:02

தங்கச்சி, அப்பாவைப் பற்றி முதலில். எம்.ஆர்.எஸ்.ஏ. என்றால் எல்லா மருந்தும் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. பெனிசிலின் குடும்பத்தில் ஏறக்குறைய எல்லாம் தோற்கும். வான்கோமைசின், லினெசோலிட் போன்றவை அநேகமாக இன்னும் கேட்கும். எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று ஆய்வக அறிக்கையிலேயே பட்டியல் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முப்பது வருடம் அந்த அறிக்கைகளை எழுதியவள் நான்.

இப்போது கேள்வி. உங்களைக் குழப்புவது 'எதிர்ப்பு' என்ற ஒரு சொல். இதில் இரண்டு எதிர்ப்பு இருக்கிறது. மருந்தை எதிர்ப்பது ஒன்று, வைரஸை எதிர்ப்பது வேறு. அப்பா காலில் இருக்கும் கிருமி மருந்தை எதிர்க்கிறது. அதனால் அது வைரஸையும் எதிர்க்கும் என்று ஆகாது. பெனிசிலின் தாக்கும் இடம் வேறு, வைரஸ் பிடிக்கும் இடம் வேறு. மருந்துக்கு அடங்காத கிருமிக்கு வைரஸைத் தேடுவது இதனால்தான்.

கத்தரிக்காய் கதை உண்மைதான். 2010இல் குவாஸூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி, மக்கிக் கொண்டிருந்த கத்தரிக்காயிலிருந்து ஒரு ஃபேஜைப் பிரித்தெடுத்தார். ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ். அதற்கு 'மட்டி' என்று பெயர் வைத்தார்கள், ஆங்கிலத்தில் சேறு படிந்தது என்று பொருள். அது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கிரகாம் ஹாட்ஃபுல் சேர்த்து வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான ஃபேஜ்களோடு உறைபெட்டியில் கிடந்தது. 2018இல் லண்டனில் 15 வயதுப் பெண் ஒருத்திக்கு, நுரையீரல் மாற்று அறுவைக்குப் பிறகு, மைக்கோபாக்டீரியம் அப்செஸ்ஸஸ் என்ற கிருமி உடம்பெங்கும் பரவியது. மருந்து எதுவும் கேட்கவில்லை. அந்தக் கிருமியைக் கொல்லக்கூடியதாக அத்தனை ஃபேஜ்களில் தேறியவை மிகச் சில. அவற்றில் மூன்றைக் கலந்து நரம்பு வழியாக ஏற்றினார்கள். மூன்றில் ஒன்று நம் ஊர் மட்டி. சில மாதங்களில் புண்கள் ஆறின, அவள் எழுந்து நடமாடினாள். 2019 மே மாதம் ஆய்விதழில் வந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் ஊர்க் குப்பைக்குழியில் கிடந்த காய்.

மற்ற இரண்டு ஃபேஜ்கள் பற்றி ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன், உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் அங்கேதான்.

ஃபீனிக்ஸ்_தகப்பன் | சனி, இரவு 10:40

அக்கா, வைரஸை நரம்பில் ஏற்றுவதா? கேட்கவே உடம்பு கூசுகிறது. கொரோனாவில் நாம் பட்டது போதாதா? அது மனித உயிரணுக்குள்ளும் போகாது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

லேப்_அக்கா | சனி, இரவு 11:15

பயம் நியாயமானது தம்பி. உள்ளே போகும் விதத்தைச் சொன்னால் பயம் குறையும்.

ஃபேஜுக்கு ஒரு தலை, ஒரு வால். தலை புரதத்தால் ஆன உறை, அதற்குள் டி.என்.ஏ. திணித்து வைக்கப்பட்டிருக்கும். லாம்டா என்ற ஃபேஜை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டி.என்.ஏ. 48,502 எழுத்துகள். நீட்டினால் 16 மைக்ரோமீட்டர். தலையின் அகலமோ 60 நானோமீட்டர்தான். இருநூறு மடங்குக்கு மேல் நீளமான கயிற்றை உள்ளே சுருட்டி அமுக்கியிருக்கிறது. உள்ளே இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போல் பத்து மடங்கு வரும்.

வால் நுனி பாக்டீரியாவின் மேல்தோலில் குறிப்பிட்ட ஒரு மூலக்கூறைத் தேடும். இதை ஏற்பி என்கிறோம். லாம்டாவுக்கு ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் மேல் இருக்கும் லேம்-பி என்ற புரதம்தான் ஏற்பி. அது மால்டோஸ் என்ற சர்க்கரை உள்ளே வருவதற்காக இருக்கும் வாசல். பாக்டீரியா தனக்காக வைத்த வாசலில் ஃபேஜ் வந்து நிற்கிறது. ஏற்பி பொருந்தினால் டி.என்.ஏ. உள்ளே பாயும், உறை வெளியிலேயே நின்றுவிடும். பொருந்தாவிட்டால் ஒட்டாமல் போய்விடும். மனித உயிரணுவின் மேல் இந்த ஏற்பி இல்லை. உள்ளே போனாலும் அங்கே அதற்குப் பெருக வழியில்லை. நம் குடலிலும் தோலிலும் இப்போதே கோடிக்கணக்கில் ஃபேஜ்கள் இருக்கின்றன.

உறை வெளியே, டி.என்.ஏ. உள்ளே என்பதை 1952இல் ஹெர்ஷியும் சேஸும் காட்டினார்கள். ஃபேஜ் ஒட்டிய பாக்டீரியாவைச் சமையலறை மிக்ஸி மாதிரி ஒன்றில் சுற்றி, ஒட்டியிருந்த வெற்று உறைகளை உதறி எடுத்தார்கள். உறை போன பிறகும் உள்ளே புது ஃபேஜ்கள் உண்டாயின. மரபுச் செய்தி டி.என்.ஏ.யில்தான் இருக்கிறது என்பதற்குப் பலமான சான்று அது.

டொங்காட்_கரும்பு | ஞாயிறு, காலை 6:20

அம்மா, எனக்கு அறிவியல் தெரியாது, கரும்புதான் தெரியும். ஃபேஜ் தன் டி.என்.ஏ.யைத்தானே தலைக்குள் வைக்கிறது? அப்புறம் பாக்டீரியாவின் மரபணு அதற்குள் எப்படி வந்தது? வேறு ஒருவர் தோட்டத்துக் கரும்பு என் லாரியில் ஏறிவிட்ட மாதிரி இருக்கிறதே.

மரபணு_மாணவன் | ஞாயிறு, காலை 9:48

ஐயா, நீங்கள் சொன்ன லாரிக் கணக்கே சரியான விளக்கம். அதிலேயே சொல்கிறேன். (முனைவர் பட்டத்துக்கு ஸ்டெஃபிலோகாக்கஸ் ஃபேஜ்களில் வேலை செய்கிறேன். வெருலம் அக்கா, உங்கள் அப்பாவின் கிருமி அதே இனம்.)

ஃபேஜ் பாக்டீரியாவுக்குள் பெருகும்போது வெற்றுத் தலைகள் முதலில் கட்டப்படும். பிறகு ஒரு மோட்டார் புரதம் டி.என்.ஏ. இழையைப் பிடித்து உள்ளே தள்ளும். பல ஃபேஜ்களில் அது எழுத்தை எண்ணுவதில்லை. தலை நிறையும் வரை தள்ளும், நிறைந்ததும் வெட்டும். லாரி நிறையும் வரை ஏற்று, நிறைந்ததும் அறு. எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு ஃபேஜ் டி.என்.ஏ.யில் ஓர் அடையாளம் இருக்கிறது. பாக்டீரியாவின் குரோமோசோமிலும் அதே சாயலில் இடங்கள் உண்டு. மோட்டார் தவறி அங்கே தொடங்கினால், தலை முழுக்கப் பாக்டீரியா டி.என்.ஏ.தான். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஃபேஜ். அது அடுத்த பாக்டீரியாவில் ஒட்டி அதே மாதிரி செலுத்தும். ஆனால் உள்ளே போனது ஃபேஜ் இல்லை, அதனால் பாக்டீரியா சாவதில்லை. வந்த துண்டு அதன் குரோமோசோமோடு சேர்ந்துகொண்டால் பாக்டீரியாவுக்குப் புதுக் குணம் வந்துவிடுகிறது. அந்தத் துண்டில் மருந்தை முறிக்கும் மரபணு இருந்தால்? அதுதான் பிரச்சினை.

இதைக் கண்டுபிடித்ததும் 1952தான். விஸ்கான்சினில் நார்ட்டன் ஜிண்டர் என்ற மாணவர், ஜாஷ்வா லெடர்பர்க்கிடம் வேலை செய்தவர். யு வடிவக் குழாய், நடுவில் பாக்டீரியா புக முடியாத வடிகட்டி, இரண்டு பக்கமும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவின் இரண்டு வகைகள். பாக்டீரியாக்கள் தொட்டுக்கொள்ளாமலே மரபணு மாறியது. டி.என்.ஏ.யை அரிக்கும் நொதியைப் போட்டும் நிற்கவில்லை, ஏனென்றால் அது வெறும் டி.என்.ஏ.யாக மிதக்கவில்லை, பி22 என்ற ஃபேஜின் தலைக்குள் பத்திரமாக இருந்தது. தமிழ்ப் பாடநூல்களில் இதை மரபணு ஊடுகடத்தல் என்கிறார்கள்.

பி22 ஃபேஜில் நூற்றுக்கு ஒன்றிரண்டு தலைகளில் இந்தத் தவறு நடக்கும். குறிப்பிட்ட ஒரு மரபணு குறிப்பிட்ட ஒரு பாக்டீரியாவுக்குப் போவது அதைவிட மிக மிக அரிது. ஆனால் உலகில் மொத்தம் 10-க்குப் பின் 30 சுழியம் போடும் அளவுக்கு ஃபேஜ்கள் இருப்பதாகக் கணக்கு. அரிது என்பது அந்த எண்ணிக்கையில் அன்றாடம் ஆகிவிடுகிறது.

டொங்காட்_கரும்பு | ஞாயிறு, காலை 10:30

தம்பி, புரிந்தது. தவறி ஏற்றுவது ஒன்று. வேண்டுமென்றே வரப்பைத் தாண்டி ஏற்றுவதும் உண்டா?

மரபணு_மாணவன் | ஞாயிறு, காலை 11:05

உண்டு ஐயா! 2018இல்தான் வெளியே வந்தது. ஹோசே பெனாடேஸ் குழு, அதுவும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸில்.

சில ஃபேஜ்கள் உள்ளே போனதும் கொல்வதில்லை. தம் டி.என்.ஏ.யைப் பாக்டீரியாவின் குரோமோசோமுக்குள்ளேயே செருகிவிட்டுத் தூங்கும். பாக்டீரியா பிரியும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து நகலாகும். ஏதாவது ஆபத்து வந்தால் விழித்து, வெளியே அறுத்துக்கொண்டு வந்து பெருகும் என்றுதான் நாங்கள் படித்திருந்தோம். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஃபேஜ்களோ வெளியே வருவதற்கு முன்பே, குரோமோசோமில் இருந்தபடியே நகலெடுக்கத் தொடங்குகின்றன. மூட்டை கட்டுவதும் அங்கேயே தொடங்குகிறது. அடையாள இடம் ஃபேஜுக்குள் இருக்கிறது, ஏற்றுவது அங்கே ஆரம்பித்து வரப்பைத் தாண்டிப் பக்கத்துப் பாக்டீரியா டி.என்.ஏ.க்குள் போய்க்கொண்டே இருக்கும். ஒரு தலை நிறைந்ததும் வெட்டு, அடுத்த தலை, அதற்கும் அடுத்த தலை. லட்சக்கணக்கான எழுத்துகள் இப்படிப் போகின்றன. தவறுதலாக ஏறும் வகையைவிட இது குறைந்தது ஆயிரம் மடங்கு அதிகம். இதற்குப் பக்கவாட்டு ஊடுகடத்தல் என்று பெயர்.

என் பார்வையில் இது வெறும் விபத்து இல்லை. ஸ்டெஃபிலோகாக்கஸ் தன் குணங்களை மாற்றிக்கொள்ளும் முக்கிய வழியே ஃபேஜ்கள்தான். பெனிசிலினை உடைக்கும் மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட்கள் (குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் சின்ன டி.என்.ஏ. வளையங்கள்) ஃபேஜ் வழியாகப் போவது ஆய்வகத்தில் வெகுகாலமாகத் தெரிந்ததுதான். எம்.ஆர்.எஸ்.ஏ.யை எம்.ஆர்.எஸ்.ஏ. ஆக்கும் மெக்-ஏ மரபணு ஒரு பெரிய துண்டில் உட்கார்ந்திருக்கிறது. வகையைப் பொறுத்து 20 ஆயிரத்திலிருந்து 60 ஆயிரம் எழுத்துகள் வரை வரும். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஃபேஜின் தலைக்குள் ஏறக்குறைய 45 ஆயிரம் எழுத்துகள் கொள்ளும். சின்னத் துண்டுகள் கொள்ளும், பெரியவை கொள்ளாது.

எம்பாங்கேனி_அண்ணன் | ஞாயிறு, மதியம் 2:37

இந்த இழையை விடாமல் படிக்கிறேன். 2000 ஆகஸ்டில் காலரா தொடங்கியது எங்கள் பக்கத்தில்தான். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வந்தது. தண்ணீர் லாரிக்குப் பின்னால் வாளியோடு ஓடியதும், ஆற்றுத் தண்ணீரை ஒரு வாளிக்கு ஒரு மூடி ப்ளீச் என்று கலந்து வைத்ததும் கண்ணில் நிற்கிறது. எங்கள் தோட்டத்தில் வேலை செய்த ஜூலு அம்மா ஒருவர் காலையில் நன்றாக இருந்தார், சாயங்காலம் இல்லை. காலரா விஷமும் வைரஸ் கொண்டுவந்தது என்று ஒரு டாக்டர் சொன்னார். உண்மையா?

லேப்_அக்கா | ஞாயிறு, மாலை 4:10

உண்மை அண்ணா. காலராக் கிருமியான விப்ரியோ காலரே ஆற்றிலும் கழிமுகத்திலும் இயற்கையாகவே வாழ்வது. அதில் பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்யாது. உடம்பிலிருந்து தண்ணீரையெல்லாம் வெளியே தள்ள வைக்கும் அந்த நச்சின் மரபணு கிருமியுடையதே அல்ல. சி.டி.எக்ஸ். என்ற இழை வடிவ ஃபேஜ் அதைச் சுமந்துகொண்டு வந்து கிருமியின் குரோமோசோமில் குடிவைக்கிறது. 1996இல் வால்டோரும் மெக்கலானோஸும் காட்டினார்கள். அந்த ஃபேஜ் ஒட்டிக்கொள்ளும் ஏற்பி எது தெரியுமா? கிருமி மனிதக் குடலில் தங்குவதற்காக நீட்டும் ஒரு மெல்லிய முடி. குடலில் தங்கத் தயாராகும்போது அதை நீட்டுகிறது, அதே முடியைப் பிடித்துக்கொண்டு நச்சு மரபணு உள்ளே வருகிறது. தொண்டை அடைப்பானின் நச்சும் இப்படி ஃபேஜ் கொண்டுவந்ததுதான், அது 1951லேயே தெரிந்துவிட்டது.

அந்த வருடம் வார்டில் இரவும் பகலும் உப்புத் தண்ணீர்ப் பைகளை மாட்டிய செவிலியர்களை நான் மறக்கவே மாட்டேன்.

ஃபீனிக்ஸ்_தகப்பன் | ஞாயிறு, மாலை 5:00

அப்படியென்றால் நம் மாகாணத்துத் துகேலா ஃபெர்ரி ஊரில் வந்த காசநோயும் இதே கதைதானே? எந்த மருந்துக்கும் அடங்காத டி.பி. அங்கேதானே வெடித்தது? அதையும் வைரஸ்தான் கொண்டுவந்திருக்கும்.

லேப்_அக்கா | ஞாயிறு, மாலை 5:26

இல்லை தம்பி, இதில் நான் கண்டிப்பாக மறுக்கிறேன். துகேலா ஃபெர்ரியில் 2005-06இல் பல மருந்துகளுக்கும் அடங்காத காசநோய் 53 பேரிடம் கண்டார்கள், 52 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் சளி மாதிரி எடுத்த சில வாரங்களுக்குள்ளேயே. ஆனால் காசநோய்க் கிருமி வெளியிலிருந்து மரபணு வாங்குவதில்லை. அதன் எதிர்ப்பு, தன் டி.என்.ஏ.யில் ஓரெழுத்து, ஈரெழுத்து மாறுவதால் வருவது. மருந்து சரியாகக் கிடைக்காமல், பாதியில் நின்று, நின்று தொடங்கும்போது அந்த மாறிய கிருமிகள் மட்டும் தங்கிவிடுகின்றன. பிறகு மருத்துவமனைக் காற்றில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவின. ஃபேஜ் மீது பழி போட முடியாது. மட்டி ஃபேஜ் ஆய்வகத்தில் காசநோய்க் கிருமியின் பல வகைகளைக் கொல்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வெருலம்_மகள் | ஞாயிறு, இரவு 8:33

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். லாரி உதாரணம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, அவருடைய தாத்தா மவுண்ட் எட்ஜ்கூம்பில் கரும்பு வெட்டியவர்.

இன்னும் ஒன்று பாக்கி. அக்கா சொன்ன இரண்டாவது எதிர்ப்பு. பாக்டீரியா வைரஸையே எதிர்த்தால்? அதாவது ஏற்பியே இல்லாமல் செய்துவிட்டால்? அதற்குள்ளும் மரபணு போகும் என்று படித்தேனே.

மரபணு_மாணவன் | ஞாயிறு, இரவு 11:52

அக்கா, இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

பாக்டீரியா பல அடுக்கில் காவல் வைத்திருக்கிறது. ஏற்பியை மாற்றுவது அல்லது இழந்துவிடுவது முதல் அடுக்கு. உள்ளே வந்த டி.என்.ஏ.யை வெட்டும் நொதிகள் அடுத்தது. முன்பு வந்த ஃபேஜின் துண்டை நினைவில் வைத்துக்கொண்டு, மறுபடி வந்தால் வெட்டும் கிரிஸ்பர் இன்னொன்று. இதை 2007இல் தயிர் உறைய வைக்கும் பாக்டீரியாவில்தான் நிரூபித்தார்கள்.

ஃபேஜும் சும்மா இருப்பதில்லை. டி4 ஃபேஜ் தன் டி.என்.ஏ. எழுத்துகளிலேயே சர்க்கரையைப் பூசி வெட்டும் நொதிகளை ஏமாற்றும். கிரிஸ்பரை முடக்கும் புரதங்களைக் கொண்டுவரும் ஃபேஜ்கள் உண்டு. லாம்டா இன்னும் ஆச்சரியம். லேம்-பி வாசல் அருகிவிட்ட ஈ.கோலையோடு லாம்டாவைச் சில வாரம் சேர்த்து வளர்த்தார்கள், 2012இல் வெளியான ஆய்வு. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குடுவைகளில், லாம்டா தன் வால் நுனிப் புரதத்தை மாற்றிக்கொண்டு ஓம்ப்-எஃப் என்ற வேறொரு வாசலைப் பிடிக்கக் கற்றுக்கொண்டது. அதற்கு நான்கு மாற்றங்கள் சேர்ந்து வர வேண்டியிருந்தது.

நீங்கள் படித்தது அநேகமாக ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் சிகால் பென்-யெஹூடா குழு 2017இல் வெளியிட்டதாக இருக்கும். அவர்கள் பேசிலஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியாவை எடுத்தார்கள். ஒரு கூட்டம் ஏற்பி உள்ளது, இன்னொரு கூட்டத்துக்கு ஏற்பியின் மரபணுவே கிடையாது. தனியாக வைத்தால் அந்த இரண்டாவது கூட்டத்தை ஃபேஜ் தொடவே தொடாது. இரண்டையும் கலந்து வைத்தால் எதிர்ப்புள்ளதும் தொற்றுகிறது. ஃபேஜ் மாறவில்லை, பாக்டீரியாவின் மரபணுவும் மாறவில்லை. பக்கத்தில் இருந்த பாக்டீரியாவின் ஏற்பி மூலக்கூறுகள் இதன் மேல் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஃபேஜ் அதைப் பிடித்துக்கொண்டு டி.என்.ஏ.யைச் செலுத்திவிடுகிறது. பாக்டீரியாவை உடைப்பதற்காக ஃபேஜ் வைத்திருக்கும் நொதிகளே இந்தக் கைமாற்றத்துக்கு உதவுகின்றன. அதாவது பக்கத்து வீட்டை இடிக்கும்போது அதன் கதவு நிலை பெயர்ந்து, கதவே இல்லாத நம் சுவரில் வந்து சாய்கிறது.

கதவு கொஞ்ச நேரம்தான் இருக்கும். அந்தப் பாக்டீரியாவின் பிள்ளைகளுக்கு அது போகாது. அந்தக் கொஞ்ச நேரம் போதும். வேறு இனப் பாக்டீரியாவின் மேலும் ஃபேஜ் இப்படி ஒட்ட முடிகிறது என்று காட்டினார்கள். ஓர் இனத்தின் மருந்து எதிர்ப்பு மரபணு தொடர்பே இல்லாத இன்னொரு இனத்துக்குப் போக இது ஒரு பாதை. நாங்கள் எல்லோரும் ஒரு ஃபேஜுக்கு இன்ன இனம்தான் என்று அட்டவணை போட்டு வைத்திருந்தோம். அந்த அட்டவணையை நான் இப்போது பென்சிலில் எழுதுகிறேன்.

உங்களுக்கு நல்ல செய்தியும் உண்டு. ஃபேஜை எதிர்க்கப் பாக்டீரியா விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஃபேஜ்கள் பிடிப்பது அதன் சுவரில் இருக்கும் டைக்கோயிக் அமிலத்தை. தப்பிக்க எம்.ஆர்.எஸ்.ஏ. அதை இழந்தால், தோற்றுப்போன பெனிசிலின் குடும்ப மருந்துகள் மறுபடி வேலை செய்யத் தொடங்குகின்றன. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவில் மருந்தை வெளியே இறைக்கும் பம்பையே பிடிக்கும் ஒரு ஃபேஜை யேல் பல்கலைக்கழகத்தார் ஒரு குளத்தில் கண்டுபிடித்தார்கள். பம்பைக் காப்பாற்றினால் ஃபேஜ் கொல்லும், பம்பை விட்டால் மருந்து கொல்லும்.

சாட்ஸ்வர்த்_ஆயா | திங்கள், காலை 7:45

பேரன் வாசித்துக் காட்டுகிறான், நான் சொல்வதை அவனே எழுதுகிறான். எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக்கைப் பகிர்ந்துகொள்வோம். உதவி என்று நினைத்துத்தான் செய்தேன். அதுவும் இந்த வைரஸுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

லேப்_அக்கா | திங்கள், காலை 8:30

ஆயா, நல்ல மனதோடு செய்தீர்கள். ஆனால் சம்பந்தம் உண்டு. தூங்கும் ஃபேஜ்களைப் பற்றித் தம்பி எழுதினாரே, அவற்றை எழுப்புவது எது? பாக்டீரியாவின் டி.என்.ஏ.க்கு அடி விழுவது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்து செய்வது அதைத்தான். அடிபட்ட பாக்டீரியா அபாயச் சங்கு ஊதும், அதைக் கேட்டு ஃபேஜ் விழித்துப் பெருகும், போகும்போது மரபணுவையும் தூக்கிக்கொண்டு போகும். சளிக் காய்ச்சலுக்கு, அதுவும் மனித வைரஸால் வருவதற்கு, இந்த மாத்திரை ஒரு பயனும் தராது. குடலில் இருக்கும் பாக்டீரியாக்களில் இந்தக் கலவரத்தை மட்டும் உண்டாக்கும். ரத்தபேதி உண்டாக்கும் ஒரு வகை ஈ.கோலையில் நச்சு மரபணு இப்படித் தூங்கும் ஃபேஜில்தான் இருக்கிறது. அந்த நோய் என்று சந்தேகம் வந்தாலே மருத்துவர்கள் ஆன்டிபயாடிக் கொடுக்கத் தயங்குவது அதனால்தான். மிஞ்சிய மாத்திரைகளை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் ஆயா.

இப்போது நான் பாக்கி வைத்த விஷயம். லண்டன் பெண்ணுக்குக் கொடுத்த மூன்று ஃபேஜ்களில் மட்டி இயல்பாகவே நன்றாகக் கொல்வது. மற்ற இரண்டும், பி.பி.எஸ்., ஸோய்ஜே என்று பெயர், தூங்கும் வகை. அப்படியே கொடுத்தால் கிருமிக்குள் குடியேறித் தூங்கிவிடும். அதனால் தூங்கச் சொல்லும் மரபணுவை ஆய்வகத்தில் வெட்டி எடுத்துவிட்டு, கொல்லும் வகையாக மாற்றிக் கொடுத்தார்கள். ஃபேஜ் சிகிச்சையில் வேலை செய்பவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்: தூங்கும் மரபணு இருக்கிறதா, நச்சு மரபணு இருக்கிறதா, எதிர்ப்பு மரபணு இருக்கிறதா என்று முழு டி.என்.ஏ.யையும் வாசித்துவிடுவார்கள். பாக்டீரியா டி.என்.ஏ.யை அதிகம் தூக்கும் ஃபேஜ்களை ஒதுக்குவார்கள். ஆகவே தங்கச்சி, நீங்கள் படித்த இரண்டும் உண்மை. எந்த ஃபேஜ் என்பதுதான் கேள்வி.

2017-18இல் போலோனி என்ற பதப்படுத்திய இறைச்சியால் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா பரவி நம் நாட்டில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அப்போது நான் இதையே யோசித்தேன். பதப்படுத்திய இறைச்சியில் லிஸ்டீரியாவைக் கொல்லும் ஃபேஜ் தெளிப்புக்கு அமெரிக்காவில் 2006லேயே அனுமதி கொடுத்திருந்தார்கள். அங்கேயும் தூங்காத ஃபேஜ்கள்தான்.

வெருலம்_மகள் | வியாழன், இரவு 7:20

அப்பாவை இன்று கூட்டிப்போனேன். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, எது கேட்கும், எது கேட்காது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மருந்தை மாற்றிவிட்டார்கள். புண்ணைச் சுத்தம் செய்து இறந்த சதையை எடுத்தார்கள், எலும்பு வரை போகவில்லை என்று படத்தில் தெரிந்தது. ஃபேஜ் பற்றியும் கேட்டேன். வேறு வழியே இல்லாதவர்களுக்குத் தனி அனுமதி வாங்கிக் கொடுப்பது அது, உங்கள் அப்பாவுக்கு இப்போது தேவையில்லை என்றார் டாக்டர். நிம்மதியாக இருந்தது.

அப்பா ஒன்று கேட்கச் சொன்னார். எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் கத்தரிச் செடி இருக்கிறது, மக்கு குழியும் இருக்கிறது. அதில் ஃபேஜ் இருப்பதை எப்படிப் பார்ப்பார்கள்?

மரபணு_மாணவன் | வியாழன், இரவு 9:05

அக்கா, அப்பாவிடம் சொல்லுங்கள், கட்டாயம் இருக்கும். ஒரு கரண்டி மக்கு மண்ணை உப்புக் கரைசலில் போட்டுக் குலுக்கி, தெளிந்த நீரை 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் விடுவோம். பாக்டீரியா மேலே தங்கிவிடும், ஃபேஜ் கீழே இறங்கிவிடும். அந்த நீரில் ஒரு சொட்டை, தீங்கில்லாத மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸோடு இளகிய அகாரில் கலந்து தட்டில் ஊற்றி, இரண்டு நாள் கதகதப்பில் வைப்போம். தட்டு முழுக்கப் பாக்டீரியா வெள்ளைப் படலமாக வளர்ந்திருக்கும். ஃபேஜ் இருக்கும் இடத்தில் மட்டும் படலம் ஓட்டை விழுந்து கண்ணாடி மாதிரி தெரியும். ஓட்டை தெளிவாக இருந்தால் கொல்லும் வகை, கலங்கலாக இருந்தால் தூங்கும் வகை.

மட்டியையும் இதே மாதிரித் தட்டில்தான் முதலில் பார்த்திருப்பார்கள். அடுத்த மாதம் எங்கள் துறையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டப்போகிறோம். அப்பாவுக்குக் கால் ஆறியதும் ஒரு டப்பாவில் மண் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். தட்டில் அவர் பெயரை நானே எழுதுகிறேன்.